நின்றுபோன இராக்கெட்டு மோட்டார்கள்

சென்ற கோடை விடுமுறையின்கண் யாம் எம் ஊராகிய மீன்சுருட்டியில் தங்கியிருந்த பொழுது, அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் ஒரு புத்தகத்தைக் கையிலேந்தி எம்பால் வந்தனன். எட்டாம் வகுப்பிற் பயில்பவன், வினாவுதற்கு அஞ்சாதவன். "அண்ணா, எஸ்.எல்.வி. ராக்கெட்டு கடைசியா விட்டப்போ நல்லாத்தானே மேலே போச்சு? அப்புறம் ஏன் அதை நிறுத்திட்டாங்க?" என்று கேட்டான். தோற்றதை நிறுத்துதல் இயல்பு. வென்றதை நிறுத்துவானேன் என்பதே அவன் ஐயம். யாமோ தமிழ் பயிலும் மாணவர். யாப்பைப்பற்றி வினவியிருப்பின் திண்ணையிலிருந்தபடியே விடை பகர்ந்திருப்போம். "நான்கு நாள் பொறு, தம்பி" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டு, கல்லூரிக்கு மீண்டபின் நூலகத்தையும் பௌதிகம் பயிலும் நண்பரையும் நாடினோம். நான்கு நாள் என்றது நான்கு திங்களாயிற்று. அங்ஙனம் யாம் அறிந்தவற்றையே ஈண்டு எழுதப் புகுந்தனம்.

முதற்கண் மோட்டார் என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். திடப்பொருளை எரித்து உந்துவதை மோட்டார் என்றும், திரவத்தை எரித்து உந்துவதை எஞ்சின் என்றும் இராக்கெட்டுத் துறையார் வழங்குவர். திருவிழாவில் நாம் காணும் ஆகாயவாணம் திடப்பொருள் மோட்டாரின் மிகப் பழைய உருவமே. காகிதத்தாலேனும் மூங்கிலாலேனும் ஆகிய குழல் ஒன்று. அதனுள் வெடியுப்பும் கந்தகமும் கரியும் கூட்டி இடித்துச் செறித்த மருந்து. அடியிற் களிமண்ணடைப்பும் அதன் நடுவே சிறு துளையும். துளையிற் செருகிய திரி. இவ்வளவே. ஸ்ரீஹரிக்கோட்டாவினின்று எழும் பெருமோட்டாரிலும் குழலும் மருந்தும் துளையும் திரியும் உள. குழல் உறுதிமிக்க எஃகாகிறது. மருந்து அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும் ரப்பர் போன்றதொரு பிணைப்புப் பொருளும் கலந்த கூழாக வார்க்கப்பட்டுப் பின்னர் இறுகுகிறது. அளவாலும் நுட்பத்தாலும் வேறுபாடு மலைபோன்றது; எனினும் வாணக்காரரும் இராக்கெட்டுப் பொறியாளரும் ஒரே தொழில்மரபினர் என்று கூறின் அது மிகையாகாது.

இத்தகைய மோட்டாருக்கு ஒரு தன்மை உண்டு. அதனை உணர்ந்தாலன்றி மேற்சொல்லும் செய்திகள் விளங்கா. ஒருமுறை பற்றவைத்தால் அதனை அணைத்தலும் இயலாது. எரியும்பொழுது வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ கைவைத்தலும் இயலாது. எவ்வளவு விசையுடன் எத்துணை நொடி எரிதல் வேண்டும் என்பது, மருந்தின் நடுவே விடப்படும் துளையின் வடிவத்திலும் குழலின் நீள அகலங்களிலும் முன்னரே எழுதப்பட்டுவிடுகிறது. ஆதலின் ஒரு பகுதியை மாற்றின் ஏனையவற்றையும் மாற்றல் வேண்டும். தேவை சிறிது மாறினும் பழைய மோட்டாரை ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்ளுதல் அரிது. புதியதொன்று எழும், பழையது நிற்கும்.

நம் நாட்டில் இவ்வாறு எழுந்தும் நின்றும் போன மோட்டார்களின் வரலாறு திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரில் தொடங்குகிறது. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூரையொட்டிச் செல்வதால், வானின் மேலடுக்குகளை ஆராய்தற்கு அவ்விடம் ஏற்றதென விக்கிரம் சாராபாயும் அவர் துணைவரும் தேர்ந்தனர். ஆங்கு மகதலேனா மரியாளின் பெயரால் ஓர் ஆலயமும், அருகே மேற்றிராணியாரின் இல்லமும் மீனவர் குடில்களும் இருந்தன. அந்நாளில் மேற்றிராணியாராக விளங்கிய பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்கள், ஞாயிற்றுக்கிழமைத் திருவழிபாட்டில் மக்களிடமே இதனை எடுத்துரைத்து அவர்தம் இசைவைப் பெற்று ஆலயத்தை அளித்த செய்தியை, அப்துல் கலாம் அவர்கள் பல மேடைகளிற் கூறியுள்ளார். ஆலயம் அலுவலகமாயிற்று. இராக்கெட்டின் உறுப்புக்கள் மிதிவண்டியில் ஏற்றிக் கொணரப்பட்டன. 1963 நவம்பர் 21ஆம் நாள் அமெரிக்காவினின்று பெற்ற நைக்கி-அப்பாச்சி என்னும் இராக்கெட்டு அங்கிருந்து முதன்முதல் எழுந்தது. கிறித்தவ மாணவராகிய எமக்கு இந்நிகழ்ச்சியைப் படிக்குந்தோறும் ஓர் உவகை உண்டாவதை மறைக்க வேண்டுவதில்லை. ஆலயக் கட்டடம் இடிக்கப்படாது இன்று விண்வெளிக் காட்சிச்சாலையாக நிற்கிறது.

பிறர் தந்த இராக்கெட்டுக்களை விட்டுக்கொண்டிருந்த தும்பாவில், 1967 நவம்பர் 20ஆம் நாள் நம்மவரே செய்த ரோகிணி ஆர்.எச்.-75 எழுந்தது. 75 என்னும் எண் அதன் குறுக்களவை மில்லிமீட்டரிற் குறிப்பது; நம் கைப்பிடிக்குள் ஏறக்குறைய அடங்கும் பருமனே. அதனைத் தொடர்ந்து ஆர்.எச்.-100, ஆர்.எச்.-125 என்பனவும் மேனகை என்னும் ஈரடுக்கு இராக்கெட்டும் தோன்றின. ஸ்ரீஹரிக்கோட்டாவினின்று முதன்முதல் 1971 அக்டோபர் 9ஆம் நாள் எழுந்ததும் ஓர் ஆர்.எச்.-125 தான். இவற்றுள் ஒன்றேனும் இன்று செய்யப்படுவதில்லை. இவை கெட்டுப்போனவையல்ல, பள்ளிப்பிள்ளை மணலில் எழுதிப் பழகிய எழுத்துக்கள் போல்வன. மருந்தை எவ்வாறு வார்ப்பது, குழலை எவ்வாறு உருட்டுவது, துளை எரிந்துபோகாமல் எவ்வாறு காப்பது என்று கற்றற்பொருட்டே அவை செய்யப்பட்டன. கற்றல் முடிந்தபின் அவற்றுக்கு வேலையில்லை.

அன்றியும், ஒவ்வொரு குறுக்களவுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். தனித்தனி ஏவுதளச் சட்டம் வேண்டும். தனித்தனியே சோதனையும் வேண்டும். ஆறேழு அளவுகளை ஒருங்கே வைத்துக் காப்பதினும், மூன்றினை நன்கு செய்தல் மேல். 1975ஆம் ஆண்டளவில் இம்முயற்சிகளெல்லாம் ரோகிணித் திட்டம் என்னும் ஒரே குடைக்கீழ்க் கொணரப்பட்டன. இன்று எஞ்சி நிற்பவை ஆர்.எச்.-200, ஆர்.எச்.-300 இரண்டாம் வகை, ஆர்.எச்.-560 இரண்டாம் வகை என்பன. முதலாவது பத்துக் கிலோ சுமையை 80 கிலோமீட்டர் உயரத்துக்கும், இரண்டாவது 60 கிலோவை 160 கிலோமீட்டருக்கும், மூன்றாவது 100 கிலோவை 470 கிலோமீட்டருக்கும் ஏற்றுவன. வானிலையாளருக்கு ஒன்று, மேல்வளியை ஆய்வார்க்கு இரண்டு என வேலை பங்கிடப்பட்டமையால், இடைப்பட்ட அளவுகள் தாமே உதிர்ந்தன.

எம்-100 என்பதன் கதை வேறு. அது சோவியத்து நாட்டு வானிலை இராக்கெட்டு. 1970 முதல் வாரந்தோறும் தும்பாவினின்று எழுந்து, நம் பருவக்காற்றின் போக்கை அறிய உதவியது. அதனிடத்துக் குறையொன்றும் இல்லை. ஆயினும் 1991 இறுதியில் அதனைத் தந்த ஒன்றியமே கலைந்தது. 1993இல் தும்பாவில் எம்-100 ஏவுதலும் முடிவுற்றது. வானிலைப் பணியை நம் ஆர்.எச்.-200 தாங்கிக்கொண்டது. பிறர் களத்து நெல்லை நம்பி உலைவைப்பார் நிலை எப்பொழுதும் இதுவே. இதனை இன்னும் கூர்மையாகக் காட்டுவது ஜி.எஸ்.எல்.வி.யின் மேலடுக்கு. அது திரவ எஞ்சினாதலின் எம் பொருளுக்குச் சற்றே புறம்பானது. எனினும் இரண்டு வாக்கியங்களிற் சொல்லிவிடுவோம். 1991இல் ருசியரோடு செய்த உடன்பாட்டின்படி குளிர்நிலை எஞ்சினோடு அதனைச் செய்யும் நுட்பமும் வருவதாயிருந்தது. அமெரிக்காவின் தடையால் நுட்பம் நின்று, ஏழு அடுக்குகள் மட்டுமே வந்தன. ஆகவே அவை தீருமுன் நாமே ஒன்று செய்தாக வேண்டியிருந்தது. நம் எஞ்சின் 2010இல் தோற்று, 2014 சனவரி 5ஆம் நாள் வென்றது.

ஆர்.எச்.-200 பற்றி ஒரு விந்தையும் உண்டு. 2022 நவம்பரில் அது தொடர்ந்து இருநூறாவது முறையாகப் பழுதின்றி எழுந்ததெனக் கொண்டாடினர். பெயர் மாறவில்லை, உருவமும் மாறவில்லை. ஆனால் மேலடுக்கின் மருந்து மாறிவிட்டது. நெடுங்காலம் பி.வி.சி. என்னும் பொருளே, நம் வீட்டு நீர்க்குழாய்களுக்கு ஆகும் அதே பொருளின் இனமே, அம்மருந்தைப் பிணைக்கப் பயன்பட்டது. 2020 செப்டம்பர் முதல் எச்.டி.பி.பி. என்னும் ரப்பர்வகைப் பிணைப்பு வந்தது. பி.வி.சி. மருந்தை இறுகச்செய்ய மிக்க வெப்பம் வேண்டும். வெப்பம் மிகின் உள்ளே கீறலும் குமிழும் தோன்ற இடமுண்டு. எச்.டி.பி.பி. குறைந்த வெப்பத்தில் இறுகுவது, குழலோடு நன்கு ஒட்டுவது, வலுவும் மிக்கது. கீறல் என்பதைச் சிறிதாக எண்ணல் கூடாது. கீறலின் இருபுறமும் தீப்பற்றும், எரியும் பரப்பு ஒரே கணத்திற் பெருகும், அழுத்தம் மிஞ்சும், குழல் வெடிக்கும். ஆக, நின்றுபோன மோட்டார் ஒன்று பறந்துகொண்டிருக்கும் மோட்டாரின் பெயருக்குள்ளேயே மறைந்து கிடக்கிறது. ஊரார்க்கு அது நின்றது தெரியாது, வார்ப்பவர்க்கே தெரியும்.

இனிச் சிறுவனின் வினாவுக்கு வருவோம். எஸ்.எல்.வி.-3 என்பது அப்துல் கலாம் அவர்கள் திட்ட இயக்குநராக நின்று நடத்தியது. நான்கு அடுக்குகள், நான்கும் திடமருந்து மோட்டார்களே. 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் உடையது. 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் முதன்முறை எழுந்து கடலில் வீழ்ந்தது. 1980 சூலை 18ஆம் நாள் ரோகிணி என்னும் துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. 1981இல் ஒருமுறையும், 1983 ஏப்பிரல் 17ஆம் நாள் இறுதிமுறையும் எழுந்தது. இறுதிமுறை நன்கே எழுந்தது. சிறுவன் சொன்னது மெய். அதன்பின் ஏன் இல்லை?

அது சுமக்கவல்லது 40 கிலோ அளவே. அதாவது, மீன்சுருட்டிச் சந்தையில் முந்திரிக்கொட்டை மூட்டை ஒன்றைத் தலைச்சுமையாகக் கொணரும் ஆள் சுமப்பதினும் மிகுதியன்று. நாட்டுக்கு வேண்டியிருந்ததோ நிலத்தையும் நீரையும் பயிரையும் மேலிருந்து படமெடுக்கும் கோள். அவ்வகையில் முதலதாகிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ 975 கிலோ எடையுடையது. அதனை 1988இல் சோவியத்து இராக்கெட்டே ஏற்றிச் சென்றது. நாற்பது கிலோவுக்கும் தொள்ளாயிரத்து எழுபத்தைந்துக்கும் இடைப்பட்ட தொலைவை எஸ்.எல்.வி.-3ஐ இன்னும் நூறுமுறை விட்டாலும் கடக்க இயலாது. அது தன் வேலையைச் செய்து முடித்தது; அவ்வேலை, நம்மால் இயலும் என்று காட்டுதலே.

ஆயினும் எஸ்.எல்.வி.-3 நின்றது என்பது பாதி மெய்யே. அதன் முதலடுக்கு மோட்டாருக்கு எஸ்-9 என்று பெயர். எஸ் என்பது திடம் என்பதன் ஆங்கில முதலெழுத்து. 9 என்பது ஏறக்குறைய எத்துணை டன் மருந்து என்பதைச் சுட்டுவது. குறுக்களவு ஒரு மீட்டர். எஸ்.எல்.வி.-3 ஓய்ந்தபின் அதன் உருவை நடுவே நிறுத்தி, இருமருங்கும் அதே எஸ்-9 மோட்டார்கள் இரண்டைக் கட்டி ஏ.எஸ்.எல்.வி. என்பதனைச் செய்தனர். 150 கிலோ சுமக்கும் நோக்கமுடைய அது 1987இல் தோற்றது. பக்கத்து மோட்டார்கள் எரிந்து தீர்ந்த பின்னர் நடுமோட்டார் பற்றிக்கொள்ளவில்லை. 1988இல் மீண்டும் தோற்றது. 1992இலும் 1994இலும் கோளை நிறுத்தியது. அவ்வளவில் அதுவும் நின்றது. இங்ஙனம் இருமுறை தோற்றதால் ஏ.எஸ்.எல்.வி. கைவிடப்பட்டதென்று சிலர் எழுதுவதை யாம் ஒப்போம். அது நின்றபொழுது வென்றுகொண்டிருந்தது. அதனினும் பன்மடங்கு பெரிய பி.எஸ்.எல்.வி. 1993இல் தோற்று 1994 அக்டோபர் 15ஆம் நாள் வென்றதே, ஏ.எஸ்.எல்.வி.யின் வேலையை முடித்துவைத்தது.

அந்தப் பி.எஸ்.எல்.வி.யின் அடியைச் சுற்றிலும் ஆறு மெல்லிய தூண்கள் நிற்பதைப் படங்களிற் கண்டிருப்பீர். அவை ஆறும் அந்தப் பழைய எஸ்-9 இனமே. உள்ளே வார்க்கும் மருந்து முன்னினும் மேம்பட்டது. குழலின் குறுக்களவு அதுவே. 2008 அக்டோபர் 22ஆம் நாள் சந்திரயானை ஏற்றிச் சென்ற பி.எஸ்.எல்.வி.யில் முதன்முறையாக அக்குறுக்களவிலேயே நீளம் கூட்டிப் பன்னிரண்டு டன் மருந்து கொள்ளும் எஸ்-12 மோட்டார்கள் கட்டப்பட்டன. அதன்பின் எஸ்-9க்கு வேலை அருகியது. 2016 செப்டம்பர் 26ஆம் நாள் எழுந்த பி.எஸ்.எல்.வி. சி-35 தான் எஸ்-9 தூண்களோடு சென்ற இறுதியானது. பிறந்த வாகனம் 1983இல் நின்றிருக்க, மோட்டார் மேலும் முப்பத்துமூன்று ஆண்டுகள் பறந்தது!

எம் ஊர்க்கு அண்மையில் கங்கைகொண்ட சோழபுரம் உள்ளது. இராசேந்திரன் எடுப்பித்த அப்பெருங்கோயிலின் சுற்றுமதிற் கற்கள், 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் கீழணை கட்டுதற்குப் பெயர்த்துச் செல்லப்பட்டன. கோயிலுக்கு நேர்ந்தது கேடே. அதனை யாம் நன்றென்று கூறவில்லை. எனினும் கும்பகோணத்துக்குச் செல்லும்பொழுது அணைக்கரைப் பாலத்தைக் கடக்குந்தோறும், சோழன் மதில் இன்று நீர் தேக்கி நிற்கிறதே என்று எண்ணாமல் இருந்ததில்லை. எஸ்-9இன் செய்தியைப் படித்தபொழுது எமக்கு முதலில் நினைவில் எழுந்தது அந்த அணைதான்.

எஸ்.எல்.வி.-3இன் நான்காம் அடுக்குக்கும் இதுபோன்றதொரு வாழ்வு வாய்த்தது. கண்ணாடியிழைக் குழலையுடைய அச்சிறு மோட்டாரைப் பிரெஞ்சுக்காரரின் தியமான் என்னும் இராக்கெட்டுக்கும் பொருந்தச் செய்தல் வேண்டுமென்று முதலில் எண்ணினர். தியமானோ 1975இல் இறுதியாகப் பறந்து ஓய்ந்தது. தேடிவந்த வீடு பூட்டிக்கிடந்தாற்போல ஆயிற்று. ஆயினும் அம்மோட்டாரின் வழிவந்ததொன்றே 1981 சூன் 19ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியான் இராக்கெட்டில் ஏறிய ஆப்பிள் என்னும் நம் செய்தித் துணைக்கோளை உயர்ந்த வட்டப்பாதைக்குத் தள்ளியது.

பெரிய நாடுகளில் மாணவர் விளையாட்டாகச் செய்துவிடும் சிற்றிராக்கெட்டுக்களின் மோட்டார்களும் இவ்வாறே நிற்பதுண்டு. அங்கே காரணம் பெரும்பாலும் வணிகம். 1954இல் அமெரிக்காவின் நெபிராசுக்காவில் செருப்புக்கடை நடத்திய ஆர்வில் கார்லைல் என்பவர் இவ்வகையில் முதலாவதைச் செய்தார். பின்னர் வெர்னன் எஸ்டிசு என்பவர் காற்றழுத்தத்தால் இயங்கும் பொறியொன்றை அமைத்து, ஆறு நொடிக்குள் ஒரு மோட்டார் என்று வடித்தெடுத்தார். அப்பொறிக்கு மேபெல் என்று பெண்பெயரும் இட்டார். அம்மோட்டார்களின்மேல் சி6-5 என்றாற்போல எழுதியிருக்கும். எழுத்து மொத்த உந்தத்தைக் குறிப்பது: ஏ என்பது மிகுதியாக 2.5 நியூட்டன்-நொடி, பி 5, சி 10, என இரட்டித்துச் செல்லும். அடுத்த எண் சராசரி விசை. இறுதி எண், எரிந்து தீர்ந்தபின் குடைத்துணியை வெளித்தள்ளும்வரை காக்கும் நொடிகள். எனவே காக்கும் நொடி ஒன்று மாறினும் அது விற்பனைக்கு வேறு சரக்கு. அதனை வாங்குவோர் சிலரேயாயின் அச்சை மாற்றிப் பொறியை ஓட்டுதல் கட்டுபடியாகாது; அவ்வெண் விலைப்பட்டியலினின்று மறையும். சிறுவர் வருந்துவர், வேறு வழியில்லை.

சரக்கு கிடையாமையும் உண்டு, தீயும் உண்டு. 1988 மே 4ஆம் நாள் நெவாடாவின் எண்டர்சன் நகரில், அம்மோனியம் பெர்குளோரேட்டுச் செய்யும் பெப்கான் தொழிற்சாலை வெடித்து இருவர் மாண்டனர். அமெரிக்காவில் அப்பொருளைப் பேரளவிற் செய்தவை அந்நாளில் இரண்டே தொழிற்சாலைகள், ஒன்று தரைமட்டமாயிற்று. நம் நாட்டார் ஆலுவாயில் தமக்கென ஒரு பெர்குளோரேட்டு ஆலை அமைத்துக்கொண்டதன் அருமை இதனால் விளங்கும். 2001இல் லாஸ் வேகாசில் இருந்த ஏரோடெக் என்னும் சிற்றிராக்கெட்டு மோட்டார்த் தொழிற்கூடம் தீக்கிரையாயிற்று. பின்னர் யூட்டா மாநிலத்திற்குப் பெயர்ந்து புதிதாய்த் தொடங்க வேண்டியதாயிற்று.

தீயைப்பற்றிச் சொல்லத் தொடங்கியபின் எம் நாட்டுப்புறத்து வாணத்தை விடுத்துச் செல்லல் தகாது. வாணத்தின் உடலில் உந்துவது வெடியுப்பு மருந்து. அது பழையது, ஓரளவு பொறுமையுடையது. தலையில் ஓசைக்கெனவும் நிறத்துக்கெனவும் வைக்கும் மருந்தே கொடியது. பொட்டாசியம் குளோரேட்டைக் கந்தகத்தோடு கலந்தால் சிறு தட்டுக்கும் உராய்வுக்கும் தீப்பற்றும். இன்னுங் கொடுமை யாதெனின், ஈரக்காற்றில் கந்தகத்தினின்று சிறிதளவு அமிலம் தோன்றும். அவ்வமிலம் குளோரேட்டைத் தாக்கும். யாரும் தொடாதிருக்கையிலும் அக்கலவை தானே பற்றிக்கொள்ளும். பிரிட்டன் இக்கலவையை 1894இலேயே தடுத்தது. நம் நாட்டில் தடை வந்தது 1992இல். இடைப்பட்ட தொண்ணூற்றெட்டு ஆண்டுகளில் எத்துணைக் கைகள், எத்துணைக் கண்கள்! கணக்கெழுதி வைத்தார் யார்? 2018இல் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புக்களையும் சரவெடியையும் தடுத்தது. பச்சை ஒளி தருவது பேரியமே. சிவகாசியில் இதனால் வேலை குறைந்ததென்று வருந்துவாரும் உளர். அவர் வருத்தம் பொய்யன்று. நிறுத்துவோர் நிறுத்தப்படுவோரின் அடுப்பையும் எண்ணுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

எம் மாவட்டத்து விரகாலூரில் 2023 அக்டோபர் 9ஆம் நாள் நாட்டுவெடி செய்யுமிடத்தில் நேர்ந்த வெடிப்பில் ஒன்பதின்மருக்குக் குறையாமல் உயிர்துறந்தனர். தீபாவளிக்கு ஒரு திங்களே இருந்த காலம்.

எம் ஊர்ப்பக்கத்தில் முன்னாளில் வாணஞ்செய்த முதியவர் ஒருவர் உளர். அவர் பெயரை எழுதுதல் அவர்க்கு உவப்பன்று. அவர் வாணத்தைக் காண அக்கம்பக்கத்து ஊர்களினின்றும் மாட்டுவண்டி கட்டி வந்தனர் என்பர். சிறுவனையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் மாலை அவரைக் கண்டோம். "எஸ்.எல்.வி.யை ஏன் நிறுத்தினார்கள் என்று இவன் கேட்கிறான். நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள், தாத்தா?" என்று வினவினோம். அவர் வலக்கையை நீட்டிக் காட்டினார். அதில் இரு விரல்கள் இல்லை.

"சட்டம் வந்துச்சுதான் தம்பி. அதுக்கு முன்னாடியே விட்டுட்டேன். மருந்து அதேதான், கை அதேதான், நாளு மட்டும் மழைநாளு. எட்டு விரல் இருக்கும்போதே நிறுத்திட்டேன்" என்றார். மகனுக்கு அத்தொழிலைக் கற்பிக்கவில்லையாம். அவன் ஜெயங்கொண்டத்தில் மின்கம்பி இழுக்கும் வேலை செய்கிறான்.

சிறுவன் அவர் கையையே நோக்கிக்கொண்டிருந்தான். பிறகு திண்ணையோரத்திற் சாத்தியிருந்த கோலைக் காட்டி, அது என்னவென்று கேட்டான். மருந்திடிக்கும் கோல் அது, மரத்தாலாயது, நுனியிற் பித்தளைப் பூண். இரும்பாயிருப்பின் பொறி பறக்கும் என்று முதியவர் விளக்கினார். "தொட்டுப் பாக்கலாமா?" என்றான்.

"பாரு. கழுவித்தான் வெச்சிருக்கேன்" என்றார்.